வாடிக்கையாளர் இல்லாத சந்தை

1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் டோரானோமோன் பகுதியில், தீயணைப்பு வீரர்களுக்கான கட்டடம் ஒன்றின் கூட்ட அறையில் 32 குழுக்கள் மேசை போட்டு உட்கார்ந்தன. மேசைகளின்மேல் அந்தந்தக் குழுவினர் தாமே எழுதி, வரைந்து, அச்சடித்த, மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை இதழ்கள் இருந்தன. அன்று வந்தவர்கள் ஏறக்குறைய 700 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். ஹாகியோ மோட்டோ, தாகெமியா கெய்கோ போன்ற பெண் படைப்பாளிகள் அப்போது புதுப்பாதையில் வரைந்துகொண்டிருந்த மாங்காக்களின் தீவிர வாசகிகள். நிகழ்வின் பெயர் காமிக் மார்க்கெட். ஜப்பானியர் வழக்கில் சுருங்கி அது கோமிக்கெட் ஆயிற்று. 2019 டிசம்பரில் இதே கோமிக்கெட்டில் நான்கு நாட்களிலும் பதிவான வருகைகள் மொத்தம் 7,50,000.

ஜப்பானிய அனிமேஷனான அனிமே, மாங்கா ஆகியவற்றின் ரசிகர் மாநாடுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த ஆள்கணக்கில் தொடங்கி ஆள்கணக்கிலேயே முடித்துவிடுகிறார்கள். பெரிய மாநாடு, சிறிய மாநாடு என்று பிரித்து, சிறியதை வளராத பெரியதாகவும் பெரியதைக் கெட்டுப்போன சிறியதாகவும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இந்தப் பிரிவினை உதவாது என்பது என் எண்ணம். கேட்க வேண்டியது வேறு: வாசலைத் தாண்டி உள்ளே வரும் ஒருவர் அங்கே யாராக நடத்தப்படுகிறார்? காசு கொடுத்துவிட்டுக் கேளிக்கையை எதிர்பார்த்து நிற்பவரா, நிகழ்வை நடத்தும் கைகளில் அவருடையதும் ஒன்றா? ஒரு மாநாட்டின் குணத்தை இதுதான் தீர்மானிக்கிறது. இதை விளங்கிக்கொள்ள கோமிக்கெட்டைவிட நல்ல சான்று இல்லை.

கோமிக்கெட் ஒரு சண்டையில் பிறந்தது. 1970களின் முதற்பாதியில் ஜப்பானில் மாங்கா ரசிகர்களுக்கென்று ஓர் ஆண்டு மாநாடு ஏற்கெனவே நடந்துவந்தது. அதை விமர்சித்து எழுதிய ஒரு பெண்ணுக்கு 1975இல் அந்த மாநாட்டில் கலந்துகொள்ள அனுமதி மறுக்கப்பட்டது. மெய்க்யூ என்ற விமர்சனக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் இதைக் கண்டித்தார்கள். யோனெசாவா யோஷிஹிரோ, ஹராடா தெருவோ, அனிவா ஜுன் ஆகியோர் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். கண்டித்ததோடு நிற்காமல் யாரையும் வெளியே நிறுத்தாத ஓர் இடத்தைத் தாங்களே உண்டாக்க முனைந்தார்கள். பெரிய பெயர்களை மேடையேற்றிக் கீழே ரசிகர்களை உட்காரவைக்கும் ஏற்பாடு அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வரைந்தவரும் வாசிப்பவரும் ஒரு மேசையின் இருபுறமும் நேருக்கு நேர் நிற்கும் இடமே வேண்டியிருந்தது.

தமிழில் சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்த மனநிலையை விளக்கவே வேண்டாம். கைக்காசைப் போட்டு அச்சகத்துக்கு அலைந்து, முந்நூறு பிரதி அடித்து, ஏதாவது இலக்கியக் கூட்டத்தின் வாசலில் ஒரு மேசையில் பரப்பிவைத்துவிட்டு, எடுத்துப் புரட்டுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். டோஜின்ஷி என்று ஜப்பானியர் சொல்லும் இதழும் அந்த வகைதான். ஒரு வேறுபாடு உண்டு. டோஜின்ஷிகளில் பெரும்பகுதி, பிறர் உருவாக்கிய புகழ்பெற்ற பாத்திரங்களை எடுத்து ரசிகர்கள் வரையும் புதுக் கதைகள். இந்த வேறுபாடு சட்டச் சிக்கலையும் கூடவே கொண்டுவந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

கோமிக்கெட்டில் எல்லோரும் பங்கேற்பாளர்கள், வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை என்பது அமைப்பாளர்கள் விடாமல் சொல்லிவரும் கொள்கை. இதழ் விற்பவர், வாங்க வருபவர், வேடமிட்டு வருபவர், வரிசையை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர், நிறுவனங்களின் ஸ்டாலில் நிற்பவர் எல்லோருக்கும் ஒரே தகுதி. சொல்வதற்கு எளிது. லட்சக்கணக்கானவர் கூடும் இடத்தில் இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதற்கு வரிசைகளைப் பார்த்தால் போதும்.

புகழ்பெற்ற ஒரு குழுவின் மேசைமுன் வரிசை நீள்கிறது. வரிசையின் கடைசியில் நிற்பவர் கையில் ஓர் அட்டை இருக்கும். வரிசை இங்கே முடிகிறது என்று அதில் எழுதியிருக்கும். புதிதாக ஒருவர் வந்து நின்றால் அட்டை அவர் கைக்கு மாறும். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்ததும் அவர் கைக்கு. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தனியாக ஆள் போட வேண்டியதில்லை. வரிசை கூடத்தின் நடைபாதையை அடைத்தால் அதைப் பாதியில் வெட்டி, மறுபாதியை வெளியே திறந்தவெளியில் தொடரச் செய்வார்கள். அப்போது நகர வேண்டியவர்கள் கையை உயர்த்தியபடி தன்னார்வலரின் பின்னால் சேர்ந்து நடப்பார்கள். இடையில் யாரும் புகுவதில்லை. வாங்க வருபவர்கள் 500 யென் நாணயங்களும் 1,000 யென் தாள்களுமாகச் சில்லறை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். இதழ்களின் விலையும் பெரும்பாலும் அதற்குத் தோதாகவே வைக்கப்படுகிறது. மீதி கொடுப்பதில் ஆளுக்குப் பத்து விநாடி போனால், பின்னால் நிற்கும் நூறு பேருக்கு அது எவ்வளவு நேரம் என்ற கணக்கை வாங்குபவரே போட்டுப் பார்த்திருக்கிறார்.

மேசையின் மறுபுறம் இருப்பவரையும் கவனிக்க வேண்டும். ஒரு குழுவுக்குக் கிடைப்பது நீள மேசை ஒன்றின் பாதி: 90 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம். அதன்மேல் ஒரு துணி விரிப்பு, புதிய இதழ் ஓர் அடுக்கு, பழையது ஓர் அடுக்கு, விலை எழுதிய சிறு அட்டை, சில்லறைப் பெட்டி. பின்னால் இரண்டு மடக்கு நாற்காலிகள். விற்பனை தொடங்கும் முன்னால் புதிய இதழ் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அமைப்பாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஆபாசச் சட்டத்துக்கு மாறான பக்கம் ஏதும் இருக்கிறதா என்று தன்னார்வலர்கள் அங்கேயே புரட்டிப் பார்ப்பார்கள். இந்த மாதிரிப் பிரதிகள் தூக்கி எறியப்படுவதில்லை. யோனெசாவா 2006இல் தமது 53ஆம் வயதில் காலமானபின், அவருடைய பெயரில் மெய்ஜி பல்கலைக்கழகம் 2009இல் திறந்த மாங்கா நூலகத்தில் கோமிக்கெட் மாதிரிப் பிரதிகளும் பார்வைக்குக் கிடைக்கின்றன. ஐம்பது பிரதி மட்டுமே அச்சான இதழுக்கும் பல்கலைக்கழகக் கூரையின்கீழ் இடம் உண்டு. ஆய்வாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்று சொல்லித் தீராது.

நிகழ்வு முடியும் நேரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதும் கூடங்கள் முழுவதும் கைதட்டல் எழும். எந்த மேடையை நோக்கியும் எழுவதில்லை அது. நின்றவர்கள் அனைவரும் ஒருவருக்கொருவர் தட்டிக்கொள்கிறார்கள்.

தன்னார்வலர்கள் மூவாயிரம் பேர் அளவில் உழைக்கிறார்கள். மூன்று நாள் நிகழ்வாக இருந்த காலத்தில் ஏறத்தாழ 35,000 குழுக்களுக்கு இடம் தரப்பட்டது. விண்ணப்பிப்பவர்கள் அதைவிட அதிகம் என்பதால் குலுக்கல். குழு நடத்துபவர்களில் பெண்களே பெரும்பான்மை. அச்சுக்கூலி, பயணம், மேசைக் கட்டணம் எல்லாம் போகப் பெரும்பாலோர் கையில் லாபம் நிற்பதில்லை. ஆனாலும் அந்தப் பாதி மேசையிலிருந்து கிளம்பிப் போனவர்களின் பட்டியல் பெரிது. கிளாம்ப் என்ற நான்கு பெண்களின் படைப்புக் குழு டோஜின்ஷிக் குழுவாகத் தொடங்கியது. டைப்-மூன் குழுவின் ‘ட்சுகிஹிமே’ விளையாட்டு 2000 டிசம்பர் கோமிக்கெட்டில் விற்பனைக்கு வந்தது. ‘ஹிகுராஷி’ என்ற மர்மக்கதை விளையாட்டின் முதல் பகுதி 2002 ஆகஸ்டில் அங்கேதான் வெளியாயிற்று. இரண்டுமே பின்னால் அனிமே தொடர்களாயின.

இந்த வளர்ச்சிக்குக் குறுக்கே வந்த அடிகள் சாதாரணமானவை அல்ல. 1989இல், சிறுமிகளைக் கொன்ற ஒருவன் கைதானான். அவன் அறையில் ஆயிரக்கணக்கான வீடியோ நாடாக்கள் கிடந்ததைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அனிமே ரசிகன் என்றாலே ஆபத்தானவன் என்ற எண்ணம் ஜப்பானியச் சமூகத்தில் பரவியது. பள்ளிகளில், அலுவலகங்களில் ரசனையை மறைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு தலைமுறை உருவாயிற்று. 1991இல், கோடைக் கோமிக்கெட்டுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், சீபாவிலுள்ள மகுஹாரி மெஸ்ஸே அரங்கம், ஆபாச இதழ்களைக் காரணம் காட்டி இடம் தர மறுத்தது. அமைப்பாளர்கள் டோக்கியோவின் ஹருமி மைதானக் கூடங்களுக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. மாதிரிப் பிரதிகளைக் கறாராகச் சரிபார்க்கும் வழக்கம் இந்த நெருக்கடியில்தான் இறுகியது. 1996 ஆகஸ்டிலிருந்து இன்றுவரை, கடலோரமாகத் தலைகீழ்ப் பிரமிடுகளோடு நிற்கும் டோக்கியோ பிக் சைட் மாளிகையே கோமிக்கெட்டின் இடம்.

சட்டச் சிக்கலுக்கு வருவோம். பிறருடைய பாத்திரத்தை வைத்து வரைவது ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டப்படி மீறல்தான். ஆனால் உரிமையாளர் புகார் கொடுத்தாலொழிய வழக்கு இல்லை. பெரும்பாலான பதிப்பகங்கள் புகார் கொடுப்பதில்லை. நாளைய மாங்கா ஓவியர்கள் இங்கிருந்துதான் வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த மௌன ஒப்பந்தம் எப்போதும் காப்பாற்றிவிடும் என்பதும் இல்லை: 1999இல் போக்கிமான் பாத்திரங்களை ஆபாசமாக வரைந்து விற்ற ஒரு பெண் கைது செய்யப்பட்டார். பசிபிக் நாடுகளின் வர்த்தக உடன்பாட்டையொட்டிச் சட்டம் திருத்தப்பட்டபோது, புகார் இல்லாமலேயே வழக்குத் தொடரும் அதிகாரம் வந்துவிடுமோ என்ற அச்சம் ரசிகர்களிடையே பரவியது. 2018 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அப்பட்டமான திருட்டுப் பதிப்புகளையே குறிவைத்தது. டோஜின்ஷி போன்ற வழிப்படைப்புகள் அதன் வரம்புக்குள் வராதபடி எழுதப்பட்டது. மேசை போட்டு உட்கார்ந்த அமெச்சூர்களுக்காக ஒரு நாட்டின் சட்டமன்றம் வாசகத்தைக் கவனித்து எழுதியது என்பதைச் சிறு விஷயமாக நான் நினைக்கவில்லை.

இனி அமெரிக்கா. அங்கே கதை முற்றிலும் வேறு வகையில் தொடங்குகிறது, ஏனென்றால் அங்கிருந்த ரசிகர்களுக்கு முதல் பிரச்சினை படம் பார்ப்பதே. 1977இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃப்ரெட் பேட்டன் முதலான சிலர் கார்ட்டூன் ஃபேன்டசி ஆர்கனைசேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டு வீடியோப் பதிவுக் கருவி அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. ஜப்பானியத் தொடர்களைப் பதிவு செய்து மாதம் ஒருமுறை கூடிப் பார்ப்பார்கள். மொழி தெரியாது; வசன வரி கிடையாது. கதைச்சுருக்கத்தைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். பார்வையாளர் ஒரு கண் தாளிலும் ஒரு கண் திரையிலுமாகப் பின்தொடர வேண்டும். 1980களின் இறுதியில் வீட்டுக் கணினியில் வசன வரி சேர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்ட ரசிகர்கள், நாடா விலையும் தபால் செலவும் மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். அந்தத் தொடரின் உரிமையை ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கிவிட்டால் விநியோகத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற எழுதாத விதியைப் பலர் நேர்மையாகக் கடைப்பிடித்தார்கள்.

இந்தப் பசியிலிருந்துதான் அமெரிக்க மாநாடுகள் முளைத்தன. 1990இல் டெக்சாஸின் டாலஸ் நகரில் நடந்த முதல் புராஜெக்ட் ஏ-கானுக்கு வந்தவர்கள் நானூறுக்கும் குறைவு. 1992இல் சான் ஹோசேயில் தொடங்கிய அனிமே எக்ஸ்போவின் முதல் கூட்டம் இரண்டாயிரத்தை எட்டவில்லை. 1994இல் பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் என்ற பல்கலைக்கழக ஊரில் மாணவர்களும் நண்பர்களும் நடத்திய முதல் ஒட்டாகானுக்கு ஏறத்தாழ 350 பேர். அந்நாளைய மாநாட்டின் உயிர்நாடி வீடியோ அறைதான். திரைகளில் இரவு பகலாகப் படம் ஓடும். வேறெங்கும் பார்க்கக் கிடைக்காத ஒன்றுக்காக இருநூறு மைல் கார் ஓட்டி வந்தவர்கள் தரையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த மாநாடுகளைச் சாத்தியமாக்கிய ஆள் யார் என்று தேடினால் ஓட்டல் மேலாளர் வந்து நிற்கிறார். அமெரிக்க ஓட்டல்களில் வார இறுதிக்கு அறைகள் காலியாகக் கிடக்கும். திங்கள் முதல் வியாழன்வரை வரும் வியாபாரப் பயணிகள் வெள்ளிக்கிழமை வீடு திரும்பிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் இத்தனை அறை எடுப்பார்கள் என்று அமைப்பாளர்கள் உறுதி தந்தால், கூட்ட அரங்குகளை ஓட்டல் குறைந்த வாடகைக்கோ இலவசமாகவோ விட்டுவிடும். சொன்ன அளவு அறை நிரம்பாவிட்டால் விடுபட்ட தொகையை அமைப்பாளர்கள் கட்ட வேண்டும். இருபது வயது மாணவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் இது. வந்தவர்கள் செலவைக் குறைக்க ஓர் அறைக்குள் ஆறு பேராகப் படுத்துக்கொண்டால், மாநாடு நிரம்பி வழிந்தும் அறைக்கணக்கு நிரம்பாது. பல சிறு மாநாடுகள் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் மறைந்துபோனதற்கு ஆர்வக்குறைவு காரணமில்லை. இந்தக் கணக்குதான் பெரும்பாலும் அவற்றைக் கவிழ்த்தது.

கணக்கைச் சமாளித்தவை வளர்ந்தன. ஒட்டாகான் 1999இல் பால்டிமோரின் மாநாட்டு மாளிகைக்குப் போய், அங்கே இடம் போதாமல் 2017இல் வாஷிங்டனுக்கு மாறியது. இன்றும் அதை நடத்துவது ஊதியமற்ற ஆட்களைக் கொண்ட லாப நோக்கில்லாத அமைப்புதான். அனிமே எக்ஸ்போ 2008 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டு மாளிகையில் நடக்கிறது. 2023இல் அது அறிவித்த எண்ணிக்கை 3,90,000க்கு மேல். இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது வாசலைக் கடந்த தடவைகளின் எண்ணிக்கை. நான்கு நாளும் வந்த ஒருவர் நான்காக எண்ணப்படுகிறார். இப்படி ஒரு மாநாடு தலையை எண்ண, இன்னொன்று தடவையை எண்ண, இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று தீர்ப்புச் சொல்லும் செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

இணையவழி ஒளிபரப்பு வந்தபின் வீடியோ அறையின் தேவை ஏறக்குறைய போய்விட்டது. ஜப்பானில் ஒளிபரப்பான சில மணி நேரத்துக்குள் வசன வரியோடு கைபேசியில் படம் கிடைக்கிறது. மாநாடு தோன்றியதற்கான காரணமே மறைந்துவிட்டது. மாநாடோ பல மடங்கு பெருகியது. அப்படியானால் மக்கள் எதற்காக வருகிறார்கள்? காஸ்ப்ளே என்னும் பாத்திர வேட உடையைத் தைக்க ஓர் ஆண்டு செலவிட்டவர் அதை உடுத்தி நடக்க, அதன் தையலை இன்னொரு தையல்காரர் நின்று பார்த்து விசாரிக்க, ஓவியர்களின் மேசை வரிசையில் அசல் வாங்க, தமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி நாற்பது பேருக்கு முன் ஒரு மணி நேரம் பேச. அமெரிக்க மாநாடுகளில் பேச்சரங்குகளின் பெரும்பகுதியை வந்தவர்களே நடத்துகிறார்கள் என்பது வெளியாட்களுக்குத் தெரிவதில்லை. ஜப்பானின் எடோ கால உடைக் கழுத்தின் வெட்டு எப்படி, எழுபதுகளின் பின்னணி ஓவியர்கள் எந்தச் சாயத்தைப் பயன்படுத்தினார்கள் என்றெல்லாம் பேச ஓர் அறையும் ஒரு மைக்கும் தருகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ரசிகர்களை ஆராய்ந்து, ரசிகர் என்பவர் வெறுமனே நுகர்வதில்லை, தாமும் ஆக்குகிறார் என்று நிறுவினார். ஊடக ஆய்வில் அது பெரிய திருப்பம். டோக்கியோவின் கூட்ட அறையில் 32 மேசைகளைப் போட்டவர்கள் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இதை ஓர் அமைப்பு விதியாக மாற்றியிருந்தார்கள்.

பெரிய அமெரிக்க மாநாடுகளில் இந்த விதி தளர்ந்துவருகிறது என்பது என் கவலை. தயாரிப்பு நிறுவனங்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் முதல் காட்சிகளை, புதுத்தொடர் அறிவிப்புகளை மாநாட்டில் வைக்கத் தொடங்கியதும், மைய அரங்கம் விளம்பர மேடையாகிறது. அதைச் சுற்றி மணிக்கணக்கான வரிசைகள். தொழில்முறை நிறுவனங்களே நடத்தும் மாநாடுகளும் வந்துவிட்டன. நியூயார்க்கில் 2017இல் தொடங்கிய அனிமே என்ஒய்சி அவ்வகையானது. அவற்றில் ஏற்பாடு கச்சிதமாக இருக்கும், விருந்தினர் பட்டியல் நீளும்; அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அங்கே தன்னார்வலர் என்பவரின் நிலை மாறுகிறது. லாபம் ஈட்டும் நிறுவனம் சம்பளமில்லாமல் ஆட்களை வேலை வாங்குவதை அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. நுழைவு அட்டைக்காகப் பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைப்பது, நிகழ்வு தம்முடையது என்ற எண்ணம் உள்ளவரைதான் நியாயம். லாபம் வேறொருவர் பைக்குப் போகும் இடத்தில் அது சுரண்டல். லாப நோக்கில்லாத மாநாடுகளிலும் ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் சக்கையாகப் பிழிந்துவிட்டு அதை அன்பு என்று அழைக்கும் பழக்கம் உண்டு. ரசிகர் மாநாடுகளை நேசிப்பவர்கள் வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம் இது.

கூட்டம் பெருகினால் உடலுக்கும் சோதனை. தினமும் ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை சாப்பாடு, ஒரு குளியல் என்று மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் விதி அமெரிக்க மாநாட்டு வட்டாரத்தில் பிரசித்தம். மாநாடு முடிந்த மறுவாரம் பாதிப் பேர் சளியும் காய்ச்சலுமாகப் படுப்பது அவ்வளவு வழக்கமானது. 2021 நவம்பரில் அனிமே என்ஒய்சிக்கு 53,000 பேர் வந்தார்கள். அங்கே போய்வந்த மின்னசோட்டாக்காரர் ஒருவருக்குக் கொரோனாவின் ஒமிக்ரான் வகைத் தொற்று இருந்தது. அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டவற்றில் ஒன்று அது. மாநாடே நோயைப் பரப்பிவிட்டது என்று செய்திகள் அலறின. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வந்தவர்களைத் தொடர்புகொண்டு ஆராய்ந்து, அங்கே பெரும் பரவல் நிகழவில்லை என்ற முடிவுக்கு வந்தது. தடுப்பூசி நிபந்தனை, முகக்கவசம், நல்ல காற்றோட்டம் ஆகியவை உதவியிருக்கலாம் என்றது. முதலில் வந்த தலைப்புச் செய்திகளின் சத்தம் இந்த முடிவுக்குக் கிடைக்கவில்லை.

வேடமிட்டு வரும் பெண்களைத் தொடுவது, கேட்காமல் படமெடுப்பது என்ற கொடுமையும் பெருங்கூட்டத்தோடு வந்ததே. உடை என்பது சம்மதம் ஆகாது என்ற பலகைகள் 2014 வாக்கில் நியூயார்க்கின் காமிக் மாநாட்டு வாசலில் நின்றபின் பிற மாநாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. அந்தப் பலகைகளை நிற்கவைக்கப் போராடியவர்கள் வேடமிட்ட பெண்களே. கோமிக்கெட்டில் காஸ்ப்ளேக்குத் தனி இடம், உடை மாற்றத் தனி அறை, படமெடுக்க அனுமதி கேட்கும் முறை எல்லாம் முன்பிருந்தே கட்டாயம். வீட்டிலிருந்தே வேடத்தோடு ரயிலில் வரவும் அங்கே அனுமதி இல்லை.

சிறியவற்றுக்கு வருகிறேன். அமெரிக்க ஊர்களில் பொது நூலகங்கள் ஒரு சனிக்கிழமையில் நடத்தும் இலவச மாநாடுகள் உண்டு. இளையோர் பிரிவு நூலகர் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி, ஒரு வரைபயிற்சி, ஒரு உடைப்போட்டி, ஒரு வினாடிவினாவோடு நடத்தி முடிப்பார். ஜப்பானில் ஒரே ஒரு தொடருக்கு, சில நேரம் ஒரே ஒரு பாத்திர இணைக்கு மட்டுமேயான சிறு சந்தைகள் வாரந்தோறும் வாடகை மண்டபங்களில் கூடுகின்றன. பெரிய மாநாட்டில் பத்தாயிரத்தில் ஒருவராகத் தொலைந்துபோகும் பதினைந்து வயதுச் சிறுமி, நூலக மாநாட்டில் நாற்பதில் ஒருத்தி. நாற்காலியை எடுத்துப் போட்டவள் அவள். அடுத்த ஆண்டு நுழைவு மேசையில் உட்காரப்போவதும் அவள்தான். பெரிய மாநாடுகளுக்கு ஆட்கள் தயாராவது இங்கேதான். பெரியதற்குப் போகக் காசில்லாதவர்களுக்கான மாற்று என்று இவற்றைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஆசியாவின் பிற பகுதிகளில் இந்த வழக்கம் வணிக வடிவிலும் பரவியது. சிங்கப்பூரில் 2008இல் தொடங்கிய அனிமே ஃபெஸ்டிவல் ஏசியா, பாடகர்களின் கச்சேரியையும் நிறுவன ஸ்டால்களையும் மையமாக வைத்தது. அங்குள்ள தமிழ் இளைஞர்களுக்கு அனிமே கூட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுவே. சென்னையில் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதல் காமிக் கான் நடந்தபோது அனிமே வேடங்கள் ஏராளம். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. ரசிகர்கள் பெருகிவிட்டார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்கள் தாமே வரைந்து அச்சடித்ததைப் பரப்பிவைக்கப் பாதி மேசை குறைந்த விலையில் கிடைக்கிறதா என்பதை வைத்தே இங்குள்ள மாநாடுகளை நான் மதிப்பிடுவேன்.

கோமிக்கெட்டுக்கும் இப்போது ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. 2019 கோடைக்கு முன்புவரை வாங்க வருபவர்களுக்கு நுழைவு இலவசம். ஒலிம்பிக் போட்டிக்காக டோக்கியோ பிக் சைட்டின் ஒரு பகுதி கைமாறியதால் நிகழ்வைப் பல கூடங்களில் பிரித்து நான்கு நாளாக நீட்ட நேர்ந்தது. செலவு ஏறியது, கையில் கட்டும் பட்டைக்குக் காசு வாங்கத் தொடங்கினார்கள். 2020 மே மாதக் கூட்டம் பெருந்தொற்றால் ரத்தாயிற்று. 45 ஆண்டுகளில் முதல் ரத்து. 2021 டிசம்பரில் மீண்டும் கூடியபோது நாளைக்கு 55,000 பேர் என்ற வரம்பும் முன்கூட்டியே வாங்கும் டிக்கெட்டும் வந்தன. டிக்கெட் முறை அதன்பின் நிலைத்துவிட்டது. சீக்கிரம் நுழைய ஒரு விலை, மதியத்துக்குமேல் நுழைய ஒரு விலை. காசு கொடுத்து நேரத்தை வாங்கியவர், அட்டையைக் கையில் பிடித்து வரிசைக்கு முடிவு காட்டி நிற்பவராக இன்னும் எத்தனை காலம் இருப்பார் என்ற கேள்வி அங்குள்ள மூத்தவர்களுக்கும் வராமல் இருக்காது.

நான் நம்பிக்கை இழக்காததற்குக் காரணம் கோமிட்டியா. 1984இல் தொடங்கிய இந்த டோக்கியோ சந்தையில் சொந்தப் படைப்புகளுக்கு மட்டுமே இடம். பிறர் பாத்திரங்களுக்கு இல்லை. பதிப்பகங்களின் ஆசிரியர்கள் ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்து, படைப்பாளிகள் கொண்டுவரும் பக்கங்களை அங்கேயே வாசித்துக் கருத்துச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. 2020இல் கூட்டங்கள் அடுத்தடுத்து ரத்தாகி அமைப்பே மூடப்படும் நிலை வந்தபோது, பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். 10 கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது. அனுப்பியவர்களில் அந்தச் சந்தையில் முதல் இதழை விற்றுப் பின்னர் தொழில்முறை ஓவியர்களானவர்கள் இருந்தார்கள், நாலே பிரதி விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்களும் இருந்தார்கள். அரங்க வாடகையைக் கட்டி, மேசைகளைத் திரும்பவும் போட்டார்கள்.